காரணம்னு ஒரு கட்டம்

2025 மே மாசம் ஒரு நாள் மத்தியானம், வெயில் மண்டைய பொளக்கற நேரம், ஒரு டீச்சர் ஸ்கூட்டிய வேப்பமரத்தடியில நிறுத்திட்டு சேலை முந்தானைய தலையில போட்டுக்கிட்டு எங்க வாசல்ல வந்து நின்னாங்க. கையில ஒரு ஃபைல். "ஏனுங்க, இந்த வீட்டுல 13 வயசுல ஒரு பொண்ணு இருக்குதுங்களா"ன்னு கேட்டாங்க. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு, வருஷா வருஷம் நடக்கறதுதான். சென்னையில ஸ்கூல்ல இருந்து டி.சி. வாங்கினதுமே பள்ளிக் கல்வித் துறையோட கம்ப்யூட்டர் பதிவான எமிஸ்ல என் பொண்ணோட நம்பர் 'காமன் பூல்'னு ஒரு இடத்துக்குப் போயிருச்சாம், ஒரு ஸ்கூல்ல இருந்து வெளிய வந்து இன்னொண்ணுல சேராத பசங்க பேரெல்லாம் அங்கதான் கிடக்கும், வேற ஸ்கூல் எடுத்துக்கற வரைக்கும். மூணு வருஷமா அவ அங்கதான் கிடக்கறா. எமிஸ்ல இருந்த என் போன் நம்பருக்கு அடிச்சு, எந்த ஊர்னு விசாரிச்சு, கடைசியில எங்க ஒன்றியத்து லிஸ்ட்ல பேரு வந்திருக்கு.

உள்ள கூப்பிட்டு ஃபேனுக்கு அடியில உக்கார வெச்சேன். பேரு, பிறந்த தேதி, கடைசியா படிச்ச வகுப்பு, அப்பா வேலை, அம்மா வேலைன்னு வரிசையா கேட்டு எழுதிக்கிட்டே வந்தாங்க. கடைசிக்கு முந்தின கட்டத்துல பேனா நின்னுருச்சு. காரணம். "என்னங்க எழுதட்டும்?"னு என் மூஞ்சிய பாத்தாங்க. சொந்தக்காரங்ககிட்ட, பழைய ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட, கல்யாண வீட்டுப் பந்தியில பக்கத்து இலைக்காரங்ககிட்ட கூட, பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்டுலயே படிக்க வைக்கறத பத்தி மணிக்கணக்கா பேசியிருக்கேன், அன்னைக்கு ஒரு இஞ்ச் கட்டத்துக்கு என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. அதுக்கப்புறம் மாசக்கணக்கா அந்தக் கட்டத்த மனசுக்குள்ள நிரப்பறதும் அழிக்கறதுமா இருக்கேன், அதனாலதான் இத எழுத உக்காந்தேன்.

தள்ளித் தள்ளிப் போனது

வீட்டுலயே படிக்க வைக்கறவங்கன்னா ஏதோ பெரிய கொள்கை பேசி, நாலு புஸ்தகம் படிச்சு முடிவெடுத்திருப்பாங்கன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. எங்களுக்கு அப்படி நடக்கல. 2020 மார்ச்சுல ஸ்கூல் மூடினப்ப பெரியவ ரெண்டாம் வகுப்பு. அதுக்கு முந்தின ஒரு வருஷமா அவளுக்கு திங்கக்கிழமை காலையில வயித்து வலி வரும். ரெண்டு டாக்டர், ஒரு ஸ்கேன், ஒண்ணுமில்லைன்னாங்க. ஊரடங்கு வந்து மூணாவது வாரமோ நாலாவது வாரமோ, பாத்திரம் கழுவிட்டு இருந்தப்ப திடீர்னு தோணுச்சு, இவ வயித்து வலின்னு சொல்லி எத்தனை நாளாச்சுன்னு. கை அப்படியே நின்னுருச்சு. ஒரு வருஷமா அந்தப் பிள்ளை அவளுக்குத் தெரிஞ்ச ஒரே பாஷையில எங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்திருக்கு, நாங்க சிரப் வாங்கிக் குடுத்துட்டு வேன்ல ஏத்தி விட்டுருக்கோம். அந்த ஸ்கூல தப்பு சொல்ல எனக்கு மனசு வரல, அங்க நல்லா இருந்த பசங்களும் இருந்தாங்க, 45 பேர வெச்சுக்கிட்டு ஒரு மிஸ் என்னதான் பண்ணுவாங்க. ஆனா என் பிள்ளைக்கு அங்க மூச்சு முட்டுச்சு, அது மட்டும் உண்மை.

2021 நவம்பர் 1ஆம் தேதி ஒண்ணுல இருந்து எட்டாவது வரைக்கும் திறந்தாங்க. முந்தின நாள் ராத்திரி அவ பாத்ரூம் தரையில முழங்காலக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, அழுகல, சும்மா உக்காந்திருந்தா. சரி, தீபாவளிக்கு மூணு நாள்தான இருக்கு, அது முடிஞ்சு அனுப்பலாம்னோம். தீபாவளி முடிஞ்சதும் சென்னையில அந்த மழை, ஸ்கூல் லீவு. அப்புறம் பொங்கல் கழிச்சுன்னோம், ஜனவரியில ஒமிக்ரான் வந்து திரும்ப மூடினாங்க. பிப்ரவரியில திறந்தப்ப நாங்க யாருமே அதப்பத்தி பேசல. இப்படித் தள்ளித் தள்ளிப் போயி ஒரு கட்டத்துல, தள்ளிப் போடறதே முடிவா ஆயிருச்சுன்னு புரிஞ்சுது. அந்த வருஷம் ஏப்ரல்ல போயி டி.சி. கேட்டோம். எந்த ஸ்கூல்ல சேக்கப் போறீங்கன்னு கவுண்டர்ல கேட்டாங்க, ஊர்ப்பக்கம் போறோம்னு மட்டும் சொன்னேன். அப்ப அது பொய். ஒரு மாசத்துல அது உண்மையாச்சு.

முளைக்குச்சி

மாட்ட முளைக்குச்சியில கட்டியிருக்கறப்ப அது கயிறு எட்டற வட்டத்துக்குள்ளதான் மேயும், அந்த வட்டத்துல புல்லு தீர்ந்தாலும் அங்கதான் நிக்கும். ஸ்கூல எடுத்தப்புறம்தான் எங்க குடும்பத்துல எத்தனை கயிறு அந்த ஒரு குச்சியில கட்டியிருந்துச்சுன்னு தெரிஞ்சுது. மேடவாக்கத்துல 22 ஆயிரம் வாடகைக்கு ஏன் இருந்தோம்? ஸ்கூல் வேன் அந்தத் தெருவுக்கு வரும். காலையில 5 மணிக்கு ஏன் எந்திரிச்சேன்? 7 மணிக்குள்ள ரெண்டு டப்பா கட்டணும். தாத்தா பாட்டிய வருஷத்துக்கு பத்து நாள் மட்டும் ஏன் பாத்தோம்? முழுப்பரீட்சை லீவுல அவ்ளோதான் முடியும். இவரு அந்த வேலையில ஏன் இருந்தாரு? ஃபீஸ் கட்டணும். ஃபீஸ் எதுக்கு? அந்த வேலை மாதிரி ஒரு வேலைக்கு பிள்ளைங்க நாளைக்குப் போகறதுக்கு. ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே போக, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நின்னுக்கிட்டு இருந்துருக்கு. பாடம் யாரு சொல்லிக் குடுக்கறதுன்னு மட்டுந்தான் நாங்க கேட்டோம்னு நினைச்சோம், ஆனா அந்தக் கேள்வி வீடு, வேலை, தூக்கம், சாப்பாடுன்னு எல்லாத்துக்குள்ளயும் பூந்துருச்சு.

2022 மே மாசம் கோபிக்குப் பக்கத்துல எங்கம்மா ஊருக்கு வந்தோம், தடப்பள்ளி வாய்க்கா பாசனத்துல இருக்கற ஊரு. இங்கதான் முதல் பெரிய பேச்சு கிளம்புச்சு. படிப்பு பத்தின பேச்சு அப்புறம்தான் வந்துச்சு, மாப்பிள்ளை பொண்டாட்டி வீட்டோட வந்து இருக்கறாருங்கறதுதான் முதல்ல. எங்க பக்கம் 'வீட்டோட மாப்பிள்ளை'ன்னா அதுல எவ்வளவு குத்தல் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். இவரோட அம்மா ஆறு மாசம் சரியா பேசல. இவரு வாய்க்கா ஓரம் லேப்டாப்ப வெச்சுக்கிட்டு மீட்டிங்ல இருக்கறத பாத்துட்டு, வேலை போயிருச்சாமான்னு ஊருக்குள்ள கேட்டவங்க உண்டு. அந்த வேலையும் 2023ல போச்சு, எல்லாரும் ஆபீசுக்கு வந்தாகணும்னு மெயில் வந்தப்ப இவரு ரெண்டு வாரம் யோசிச்சுட்டு பேப்பர் போட்டுட்டாரு. இப்ப கிடைக்கற ப்ராஜெக்ட எடுத்துப் பண்றாரு. நான் கோபியில நாலஞ்சு கடைக்கு கணக்கு எழுதி ஜிஎஸ்டி ஃபைல் பண்றேன். ரெண்டு பேரும் சேந்து சம்பாதிக்கறது அவரு தனியா வாங்கினதுல பாதிக்கும் கீழ. பணக் கஷ்டம் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன், போன வருஷம் என் வளையல் ரெண்டு அடகுல இருந்துச்சு. ஆனா இப்ப மத்தியானம் நாலு பேரும் ஒண்ணா உக்காந்து சூடா சோறு திங்கறோம். டப்பாவுல ஆறிப்போன எலுமிச்சை சோத்த என் பொண்ணு திருப்பிக் கொண்டு வந்த நாளெல்லாம் நினைச்சா, இந்த ஒரு வேளை சோத்துக்கே எவ்வளவு வேணா குடுக்கலாம்னு தோணும்.

படிப்பு என்னாச்சுன்னு கேப்பீங்க. முதல் ஆறு மாசம் நான் வீட்டையே ஸ்கூலாக்கப் பாத்தேன், டைம்டேபிள், ஒர்க்‌ஷீட், எல்லாம். வயித்து வலி திரும்ப வந்துச்சு. அன்னைக்கு டைம்டேபிள கிழிச்சுப் போட்டேன். அப்புறம் கொஞ்ச நாள் அவ ஒண்ணுமே பண்ணல, தூங்கினா, வாய்க்காலுக்குப் போனா, ஆட்டுக்குட்டியோட திரிஞ்சா. எனக்கு உள்ளுக்குள்ள நெருப்பா இருந்துச்சு. அவ திரும்ப படிப்பு பக்கம் வந்தது எங்கப்பா மூலமா, மஞ்சள் வழியா. எங்கப்பா ரெண்டு ஏக்கர் மஞ்சள் போடுவாரு. ஒன்பது மாசப் பயிரு, தை மாசி வாக்குல வெட்டுவாங்க. வெட்டி, வேக வெச்சு, களத்துல பத்து பதினஞ்சு நாள் காய வெச்சு, டிரம்ல போட்டு பாலீஷ் பண்ணினாதான் அது சரக்கு. நூறு கிலோ பச்சை மஞ்சள் காஞ்சு வர்றப்ப இருபதுல இருந்து இருபத்தஞ்சு கிலோதான் தேறும். இது ஏன்னு அவ அப்பிச்சிகிட்ட, அதான் எங்கப்பாகிட்ட, கேட்டிருக்கா. அவரு ஒரு கிழங்க எடுத்து தராசுல வெச்சு, ஒரு நோட்டுல எழுதச் சொல்லிட்டு, தினமும் நீயே எடை போட்டுப் பாருன்னுட்டாரு. பதினாலு நாள் அந்த நோட்டுல எழுதினா. கிராப் பேப்பர் எங்க கிடைக்கும்னு கேட்டா. சதவீதம்ங்கற வார்த்தைய அவளுக்கு யாரும் பாடமா நடத்தல. ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு அப்பிச்சியோட போயி விரல் மாதிரி இருக்கற விரலி ஒரு விலை, உருண்டைக் கிழங்கு ஒரு விலைன்னு ஏலம் போறத பாத்துட்டு வந்து, நம்ம மூட்டையில விரலி எத்தனை பங்கு இருந்தா எவ்வளவு வரும்னு ராத்திரி சாப்பிடற இடத்துலயே கணக்குப் போட்டுச் சொன்னா. மஞ்சக் கறை பிடிச்ச அந்த நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு.

சின்னவன் கதை வேற. எட்டு வயசு தாண்டியும் அவனுக்கு எழுத்துக் கூட்டி படிக்க வரல. இத எழுதறப்ப கூட எனக்கு அந்த நாளோட பயம் திரும்ப வருது. ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம, நம்ம பிடிவாதத்துக்கு இவன் வாழ்க்கைய பலி குடுக்கறமோன்னு கிடந்திருக்கேன். பேசுவான், கணக்கு சொல்லுவான், மரத்துல ஏறி எந்தக் குருவி எங்க கூடு கட்டியிருக்குன்னு சொல்லுவான், புஸ்தகத்த தொறந்தா மூடிருவான். ஆனா அவனுக்கு பஸ்னா உசிரு. நான் கணக்கு எழுதப் போறப்பல்லாம் கூட வருவான், கோபி பஸ் ஸ்டாண்டுல மணிக்கணக்கா நிப்பான். ஒரு நாள் கூட்டத்துல நான் நம்ம பஸ் எதுன்னு தேடிக்கிட்டு இருக்கறப்ப, "அம்மா இது அந்தியூரு, அது சத்தி, நம்மது பின்னாடி வருது பாரு"ன்னு கைய பிடிச்சு இழுத்தான். கலர வெச்சு சொல்றான்னு நினைச்சேன். கீழ சின்ன எழுத்துல வழி போட்டிருக்கற ஊரெல்லாம் காட்டினேன், ஒண்ணொண்ணா படிச்சான். அங்கயே பெஞ்சுல உக்காந்துட்டேன், ரெண்டு பஸ் போயிருச்சு.

இதெல்லாம் கேக்க அழகா இருக்கும். ஆனா நடு ராத்திரி பயம்னு ஒண்ணு கூடவே இருக்கும், வீட்டுல படிக்க வைக்கற எந்த அம்மாவ வேணா கேட்டுப் பாருங்க. நாளைக்கு காலேஜ்னா என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறவங்களுக்கு ஒரு பதில் தயாரா வெச்சிருக்கோம், என்.ஐ.ஓ.எஸ். மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி, 14 வயசு முடிஞ்சா பத்தாவதுக்கு பதிவு பண்ணலாம், அஞ்சு பாடம், தமிழ்லயே எழுதலாம், வருஷத்துக்கு ரெண்டு தடவை பரீட்சை, அஞ்சு வருஷத்துக்குள்ள ஒன்பது வாய்ப்பு, ஒவ்வொரு பாடமா கூட எழுதி முடிக்கலாம். பெரியவ அடுத்த வருஷம் பதிவு பண்ணப் போறா. இத நான் ஒப்பிக்கற மாதிரி சொல்லுவேன். அன்னைக்கு டீச்சர்கிட்டயும் ஒப்பிச்சேன்.

டீச்சர் கேட்ட கேள்வி

அவங்க பொறுமையா கேட்டாங்க. மிரட்டல, சட்டம் பேசல. 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல 10வது பிரிவு, 6ல இருந்து 14 வயசு வரைக்கும் பிள்ளைய பக்கத்து ஸ்கூல்ல சேக்கறது பெத்தவங்க கடமைன்னு சொல்லுது, சேக்கலைன்னா என்ன தண்டனைன்னு அந்தச் சட்டத்துல இல்ல, இதெல்லாம் நான் படிச்சு வெச்சிருந்தேன், சண்டை வந்தா பேசலாம்னு. சண்டை வரல. அவங்க பெரியவள கூப்பிட்டு பக்கத்துல உக்கார வெச்சு மஞ்சள் நோட்ட முழுசா புரட்டிப் பாத்தாங்க. ஒரு எடத்துல கூட்டல் தப்புன்னு காட்டினாங்க, அவ உடனே திருத்தினா. எங்கம்மா மோர் கொண்டு வந்து குடுத்துட்டு கதவு நிலையில சாஞ்சுக்கிட்டு நின்னாங்க. மோர குடிச்சு முடிச்சுட்டு டீச்சர் சொன்னாங்க, "தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளைய பாத்தா எனக்கு சந்தோஷமாத்தான் இருக்குது. ஆனா போன வருஷம் ஒரு வீட்டுக்குப் போனேனுங்க, அங்கயும் இதே மாதிரி 13 வயசுப் புள்ள. வீட்டுலயே படிக்க வெச்சுக்கறோமுங்கன்னுதான் அவங்கப்பாவும் சொன்னாரு. நானும் நம்பி எழுதிட்டு வந்துட்டேன். மூணு மாசம் கழிச்சுப் பாத்தா அந்தப் புள்ள மில்லுல இருக்குது, அங்கயே ஹாஸ்டல்ல தங்கி. இப்ப உங்களுக்கு இந்தக் கட்டத்துல வீட்டுல படிக்குதுன்னு நான் எழுதினா, நாளைக்கு இன்னொரு அப்பன் அதையே சொன்னா இல்லைன்னு எப்படிங்க நான் சொல்றது?"

எனக்கு வாய் வரல. எங்க பக்கம் நூல் மில்லுங்களுக்கு கல்யாணச் செலவுக்கு ஆகும்னு சொல்லி வயசுப் பிள்ளைங்கள மொத்தத் தொகைக்கு கூட்டிட்டுப் போன சுமங்கலித் திட்டம் தெரியாத ஆளு கிடையாது. 'நாங்க ரெண்டு பேரும் டிகிரி முடிச்சவங்க, நாங்க வேற'ன்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா அதுக்கு என்ன அர்த்தம், படிச்சவனுக்கு ஒரு சட்டம், படிக்காதவனுக்கு ஒரு சட்டம்னுதான? அந்தப் பேச்ச பேசத்தான் நான் ஊரு திரும்பி வந்தேனா?

இந்த மண்ணுல 'வீட்டுலயே படிக்கட்டும்'ங்கற வார்த்தைக்கு ஒரு பழைய வாடை உண்டு. நாங்க ஸ்கூல விட்டு எடுத்துட்டோம்னு முதல்ல போன்ல சொன்னப்ப எங்கப்பா கேட்டது ஒரே வார்த்தை. "குலக்கல்வியா?" அவரு ஈரோட்டுல கறுப்புச் சட்டைக்காரங்க கூட்டத்துல பேச்சு கேட்டு வளந்தவரு. 1953ல ராஜாஜி கொண்டு வந்த திட்டம், பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் பாடம், மீதி நேரம் அப்பன் தொழில கத்துக்கணும்னு. நாடே கொந்தளிச்சு, 1954ல காமராஜர் முதலமைச்சரா வந்த கையோட அத எடுத்துட்டாரு. எங்கப்பா தலைமுறைக்கு அது தப்பிச்சு வந்த கதை. அதே மனுஷன்தான் இன்னைக்கு பேத்திய மஞ்சள் ஏலத்துக்கு கூட்டிட்டுப் போறாரு. ஒரு நாள் களத்துல உக்காந்திருக்கறப்ப கேட்டேன், இப்ப இது என்னப்பான்னு. ரொம்ப நேரம் கிழங்க பொறுக்கிக்கிட்டே இருந்துட்டு, "அன்னைக்கு கதவ சாத்திட்டு தொழில் கத்துக்கன்னான். இவளுக்கு கதவு தொறந்திருக்குது. ஆனா தொறந்தே இருக்கோணும் பாத்துக்க"ன்னாரு. எனக்கு நிறைய பேர் நிறைய சொல்லியிருக்காங்க, இத மாதிரி ஒருத்தரும் சொல்லல. வீட்டுக் கல்விங்கறது எங்களால முடிஞ்சதுக்கு காரணமே எங்க வீட்டுக்கு அரை கிலோமீட்டர்ல ஒரு அரசாங்க ஸ்கூல் இருக்கறதுதான், எங்களுக்கு கை நழுவினா பிடிக்க ஒரு கயிறு அங்க தொங்குது. அந்த ஸ்கூல் இல்லாத ஊர்ல, அத கேட்டு வாங்க முடியாத வீட்டுல, நாங்க பேசற சுதந்திரத்துக்கு பேரு வேற.

டீச்சர் அந்தக் கட்டத்துல பென்சில்ல 'மீண்டும் பேச வேண்டும்'னு எழுதிட்டு எந்திரிச்சாங்க. ஸ்கூட்டி சத்தம் ரோட்ல போயி மறையற வரைக்கும் எங்கம்மா கதவு நிலையிலயே நின்னுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், என்னப் பாத்து கூட சொல்லல, "எங்க வீட்டுக்கு அன்னைக்கு இப்படி ஒரு டீச்சரு வந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சாங்க. முடிக்கல. டம்ளர எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

எங்கம்மா அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. ஆறாவதுக்கு நாலு கிலோமீட்டர் நடக்கணும், பொட்டப் புள்ள, எருமை மேய்க்கவும் ஆள் வேணும், நிறுத்திட்டாங்க. அழுதீங்களாம்மான்னு சின்ன வயசுல ஒரு தடவை கேட்டேன், அழுது என்ன பண்றதுன்னாங்க. நான் படிக்கற காலத்துல எங்க வீட்டுல அயர்ன் பாக்ஸ் கிடையாது. ராத்திரி அடுப்பணைக்கறதுக்கு முன்னாடி பித்தளைச் சொம்புல கங்க அள்ளிப் போட்டு, கழுத்துல ஈரத்துணி சுத்திப் பிடிச்சு, என் பாவாடை மடிப்பு ஒவ்வொண்ணா தேய்ப்பாங்க. மடிப்பு கத்தி மாதிரி நிக்கும். ப்ளஸ் டூ படிக்கறப்ப கூட என்னோட பஸ் ஸ்டாப் வரைக்கும் வருவாங்க, வேண்டாம்மா, எல்லாரும் பாக்கறாங்கன்னு நான் சிணுங்குவேன். எனக்கு துணைக்கு வந்தாங்கன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சேன். அன்னைக்கு மத்தியானம்தான், அந்த யூனிஃபார்ம் பிள்ளைங்க கூட்டத்துக்கு நடுவுல பஸ் வர்ற வரைக்கும் நிக்கறதுக்காகவே வந்தாங்களோன்னு தோணுச்சு. மூணு வருஷமா எங்கம்மா எங்கள ஒரு வார்த்தை சொல்லல. நான் அத சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். அவங்களுக்குக் கிடைக்காத ஒண்ண, அவங்க கண்ணு முன்னாடியே நான் வேண்டாம்னு வெச்சிருக்கேன்னு எனக்கு ஒரு நாளும் உறைக்கல.

சின்னவன்

அந்தப் பேச்சு முழுக்க தூணுக்குப் பின்னாடி உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தவன் சின்னவன். அன்னைக்கு ராத்திரி சாப்பிடறப்ப, "நான் அந்த ஸ்கூல்ல சேரட்டுமா"ன்னு கேட்டான். ஊருக்குள்ள அவனோட சேக்காளிங்க எல்லாரும் அங்கதான் படிக்கறாங்க. காலையில பொங்கல், கிச்சடி எல்லாம் போடறாங்களாம், அதுவும் ஒரு காரணம். பகல் முழுக்க விளையாட ஆள் இல்லங்கறது இன்னொண்ணு. அவன் சொன்னதுல எனக்குப் பிடிச்சது, "டீச்சர் வந்து கேட்டாங்கல்ல, அப்ப நம்ம போலாம்தான"ன்னு சொன்னது. அழைப்பு வந்தா போகணும்ங்கற மாதிரி.

மூணு ராத்திரி நானும் இவரும் பேசினோம். எங்களுக்கு உள்ளுக்குள்ள ஏதோ தோத்துப் போன மாதிரி இருந்துச்சு, அத மறைக்க மாட்டேன். இத்தனை நாள் சொந்தக்காரங்ககிட்ட வாங்கின பேச்சு, விட்ட சம்பளம், எல்லாம் எதுக்குன்னு. இவருதான் சொன்னாரு, பெரியவ வயித்து வலிய நம்பி ஒரு பெரிய முடிவெடுத்தோம், இவன் ஆசைய மட்டும் நம்ப மாட்டமான்னு. அதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல. ஸ்கூல் இவனுக்கு ஒரு நல்ல எடமா இருந்தா போகட்டும், இல்லைன்னா வீடு இருக்கு. வேன் நேரத்துக்கு வாழ்க்கைய கட்டாம, பிள்ளை நடந்து போயிட்டு நடந்து வர்ற தூரத்துல ஒரு ஸ்கூல். மேடவாக்கத்துல இருந்தப்ப இப்படி ஒரு ஸ்கூல் வாழ்க்கைய எங்களால யோசிச்சே பாத்திருக்க முடியாது, நாங்க விட்டுட்டு வந்ததாலதான் இது கண்ணுல பட்டுச்சு.

டீச்சருக்கு போன் பண்ணேன். ரொம்ப சந்தோஷமுங்கன்னாங்க, ஆதார் கார்டும் பிறப்புச் சான்றிதழும் எடுத்துட்டு ஹெச்.எம்.ம பாருங்கன்னாங்க. முன்னாடி எந்த ஸ்கூல்லயும் படிக்காட்டியும் வயசுக்கேத்த வகுப்புல சேத்துக்குவாங்க, நாலாவது. பெரியவ கட்டத்த என்ன பண்றதுன்னு அவங்களே கேட்டாங்க. "மஞ்சள் நோட்ட பாத்தீங்கல்லங்க, பாத்தத எழுதுங்க டீச்சர். ஆனா எழுதிட்டு விட்டுடாதீங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாருங்க, அவ இங்கதான் இருக்காளான்னு, என்ன பண்றான்னு. எங்க வீட்டுக்கும் வாங்க, அந்த அப்பா மாதிரி சொல்ற எல்லா வீட்டுக்கும் போங்க"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. "வர்றனுங்க"ன்னு சொல்லி வெச்சாங்க. தீபாவளிக்கு முன்னாடி ஒரு தடவை வந்தாங்க, பெரியவ கூட ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாங்க.

2025 ஜூன் 2, திங்கக்கிழமை ஸ்கூல் திறந்தாங்க. யூனிஃபார்ம் ஸ்கூல்லயே குடுப்பாங்க, கொஞ்ச நாளாகும்னு சொல்லியிருந்தாங்க. எங்கம்மா கேக்கல, சந்தைக்குப் போயி துணி எடுத்து டெய்லர்கிட்ட ரெண்டு செட் தைக்கக் குடுத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி நான் கணக்கு நோட்ட மூடிட்டு எந்திரிச்சு வர்றேன், சமையக்கட்டுல வெளிச்சம். கரண்ட் அயர்ன் பாக்ஸ் அலமாரியிலதான் இருந்துச்சு. எங்கம்மா பரண்ல இருந்து அந்தப் பித்தளைச் சொம்ப எறக்கி, புளி போட்டு வெளக்கி, வெந்நி அடுப்புல இருந்து கங்கு அள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. சின்னவன் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து, தொட்டா சுடுமா அம்மாயின்னு கேட்டுக்கிட்டு இருந்தான். தள்ளிக்கோ கண்ணுன்னு சொல்லிட்டு, சட்டைய ஜமுக்காளத்து மேல விரிச்சு, காலர்ல இருந்து ஆரம்பிச்சாங்க.